முதல் குப்பி பிள்ளையாருக்கு

சில மருந்துகளைத் தண்ணீராக வைத்திருந்தால் கெட்டுப்போகும் என்று பொடியாகவே குப்பியில் அடைத்து விற்கிறார்கள். அதைக் கரைக்கிற சுத்தமான தண்ணீரையும் அதே அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னக் குப்பியில் போட்டு வைத்திருப்பார்கள். ஊசியால் தண்ணீரை உறிஞ்சிப் பொடிக்குள் விட்டு, உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கரைத்து, நரம்பில் ஏற்றிவிட வேண்டியதுதான். ஒரு நர்சுக்கு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் நம் ஊரில் ஒரு காரியம் இவ்வளவு லேசாக நடக்க விட்டுவிடுவார்களா? அப்புறம் மேலே கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு என்னதான் வேலை?

நல்லகாமனுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. செக்கானூரணிக்கு மேற்கே கொஞ்சம் கிணற்றுப் பாசனம், நாலு மாடு, ஒரு பழைய மோட்டார், இதுதான் அவர் உலகம். அவர் மனைவி பாண்டியம்மாளுக்குக் களை எடுக்கும்போது வலது கால் பெருவிரலில் கருவேல முள் ஏறியது. சர்க்கரை உடம்பு. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தவள், கால் வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அடித்துப் பிடித்து மதுரைக்குக் கொண்டுவந்து, பைபாஸ் ரோட்டில் கண்ணாடி மாளிகை போல நிற்கிற ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார் நல்லகாமன். ஆஸ்பத்திரியின் பெயர் எதற்கு? போர்டில் பெயருக்குக் கீழே ‘தரமே எங்கள் உயிர்’ என்று எழுதியிருக்கும், அது போதும்.

பெரிய டாக்டர் காலைப் பார்த்தார். விரலை அமுக்கிப் பார்த்தார். பாண்டியம்மாள் அலறினாள்.

“வலிக்குதுல்ல? நல்லது. இந்தப் பொடி மருந்து வேளை தவறாம ஏறுச்சுன்னா விரலைக் காப்பாத்திரலாம். தவறுச்சுன்னா நான் பொறுப்பில்ல,” என்றார் டாக்டர்.

முதல் நாள் வேளை தவறவில்லை. செல்லக்கிளி என்ற நர்சு வந்தாள். “என்னக்கா, ஒங்க ஊருல மழை உண்டா?” என்று கேட்டுக்கொண்டே குப்பியை உருட்டினாள். பாண்டியம்மாள் மழையைத் திட்டி முடிப்பதற்குள் மருந்து ஏறிவிட்டது. மறுநாள் விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. “பசிக்கிற மாதிரி இருக்குங்க” என்று பாண்டியம்மாள் சொன்னதும் நல்லகாமன் மீனாட்சியம்மனுக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டார். ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தார். மருந்துக் கடையில் காலை வேளைக்கான பெட்டியையும் வாங்கிவந்து செல்லக்கிளியிடம் நீட்டினார்.

செல்லக்கிளி பெட்டியை வாங்கிப் பிரித்தாள். தண்ணீர்க் குப்பியை எடுத்துத் தனியாக ஒரு தட்டில் போட்டாள். பொடிக் குப்பியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“என்ன தாயி?”

“இன்னைக்கிலருந்து நாங்க கலக்கக் கூடாதுண்ணே. கீழ புதுசா சென்டர் தெறக்குறாங்க. பொடிய அங்க குடுங்க, கலந்து மேல அனுப்புவாங்க.”

“தண்ணி?”

“தண்ணி வேற டிபார்ட்மென்ட்ணே. அது தெரவம். பொடி பார்மசி. ரெண்டும் சென்டர்லதான் ஒண்ணு சேரணும்.”

“ஒரே பொட்டிக்குள்ளதான தாயி வந்துச்சு?”

“நானும் அதத்தாண்ணே கேட்டேன். மெமோ குடுத்துட்டாங்க,” என்றாள் செல்லக்கிளி. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

கீழே இறங்கிப் போனார் நல்லகாமன். தரைத்தளத்தின் கோடியில் வாழைமரம் கட்டியிருந்தது, மாவிலைத் தோரணம் தொங்கியது. கண்ணாடி அறை ஒன்றின் வாசலில் சிவப்பு ரிப்பன். மேலே ‘உலர் மருந்துக் கலவை உயர்தர மையம்’ என்று பலகை. ரிப்பனுக்கு இந்தப் பக்கம் அவரைப் போலவே பொடியும் கையுமாக ஒரு கூட்டம். ஆளாளுக்குக் குப்பியைப் பிரசாதம் போல ஏந்திக்கொண்டு நின்றார்கள்.

அறை வாசலில் சாருலதா நின்றிருந்தாள். மையத்தில் மருந்து கலக்கப்போகிற பார்மசிஸ்ட் அவள்தான். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. நெற்றிப் பொட்டு, தலைப்பூ, வளையல், முகப்பவுடர் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். முழங்கை வரை மூன்று தரம் கழுவச் சொல்லியிருந்தார்கள். உள்ளே ஒரு தூசிகூடப் போகக்கூடாதாம். காற்றில் தூசி எத்தனை என்று எண்ணுகிற பெட்டி ஒன்று உள்சுவரில் பச்சை விளக்கோடு இருந்தது.

“அம்மா, இதக் கொஞ்சம் கலந்து குடுத்துருங்கம்மா. வேளை தவறுது,” என்றார் நல்லகாமன்.

“ரிப்பன் வெட்டணும் சார். சீஃப் கெஸ்ட் காளவாசல் சிக்னல்ல நிக்கிறாராம்.”

காளவாசல் சிக்னலைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மாட்டிய மனுசனை நம்பி உலை வைக்கக்கூடாது.

காத்திருக்கிற கூட்டத்தைச் சும்மா விடக்கூடாது என்று ஆஸ்பத்திரியின் தலைமைத் தர அதிகாரி அனந்தபத்மநாபன் மைக்கைப் பிடித்தார். நல்ல உயரம், நல்ல குரல். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின.

“அன்புக்குரிய நோயாளிகளே, நோயாளிகளின் உறவினர்களே! இத்தனை வருஷமாக இந்த மருத்துவமனையில் நர்ஸுகள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று மருந்து கலந்துகொண்டிருந்தார்கள். அதில் எத்தனை பிழைகள் நடந்தன? யாருக்காவது தெரியுமா? எனக்கே தெரியாது! ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை. ஒரு பிழைகூடப் பதிவாகாத இடத்தில் எவ்வளவு பிழைகள் நடந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!”

கூட்டம் யோசித்தது.

“ஆனால் இன்றைக்கு விடிந்ததிலிருந்து இந்த நிமிஷம் வரை, பெருமையோடு சொல்கிறேன், இந்தக் கட்டடம் முழுவதும் ஒரே ஒரு கலவைப் பிழைகூட நடக்கவில்லை!”

ஊழியர்கள் கைதட்டினார்கள். நல்லகாமனும் தட்டப் போனார், கையில் குப்பி இருந்ததால் சத்தம் வரவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கியவரிடம் மெல்லப் போய் நின்றார்.

“சாமி, இன்னைக்கு இன்னும் யாருக்குமே கலக்கலையே.”

அனந்தபத்மநாபன் அவர் தோளில் கை வைத்தார். “அதேதான்! இவ்வளவு எளிமையாக நீங்கள் புரிந்துகொண்டீர்கள் பாருங்கள். எங்கள் டாக்டர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு எட்டு மீட்டிங் ஆனது.”

ஒருவழியாகச் சீஃப் கெஸ்ட் வந்து சேர்ந்தார். கப்பலூரில் தொழிற்சாலை வைத்திருக்கிறவர், இந்தக் கண்ணாடி அறையைச் செய்துகொடுத்தவரும் அவர்தான். ரிப்பன் வெட்டினார். சாருலதா கடைசியாக ஒரு தரம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே காலை வைக்கப் போனாள்.

“இரும்மா, பூஜை ஆகாம எப்படிப் போவே?” என்று அவளை ஒதுக்கிவிட்டார் அனந்தபத்மநாபன்.

அவள் ஒதுங்க, சாஸ்திரிகள் உள்ளே போனார். அவர் பின்னால் செங்கல் போனது, மணல் போனது, சமித்துக் கட்டும் நெய்க் குடமும் போயின. தேங்காய், பழம், பூசணிக்காய், ஐந்து கிலோ விபூதி, ஒரு பிள்ளையார் படம் எல்லாம் வரிசையாகப் போயின. அப்புறம் சீஃப் கெஸ்ட், அவர் சம்சாரம், அவர் டிரைவர், நிர்வாக இயக்குநர், இரண்டு போட்டோக்காரர்கள். தூசி போகக்கூடாத அறைக்குள் போகாமல் வெளியே நின்றது சாருலதா மட்டும்தான்.

கணபதி ஹோமம் ஆரம்பித்தது. நெய் விழ விழப் புகை எழும்பி, மருந்து கலக்கிற மேடையைச் சுற்றி, கூரைக்குப் போய்த் திரும்பி இறங்கியது. தூசி எண்ணுகிற பெட்டி சிவப்பாகி வீறிட்டுக் கத்தியது.

“சார், புகை…” என்றாள் சாருலதா.

“நெய்ப் புகை சாருலதா. அது கிருமிநாசினி,” என்றார் அனந்தபத்மநாபன்.

“பெட்டி கத்துது சார்.”

“மந்திரம் நடக்கறச்சே என்ன சத்தம்? விழா முடியற வரைக்கும் அதை அணைச்சு வையுங்கோ.”

ஒருவர் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டி வாயை மூடியது, சாஸ்திரிகள் சந்தோஷமாகத் தொடர்ந்தார்.

ஹோமம் முடிந்ததும் போட்டோவுக்காக ஒரு மருந்து கலக்க வேண்டும் என்றார்கள். அதுவும் நிஜ நோயாளியின் நிஜக் குப்பியாக இருக்க வேண்டுமாம். முன்வரிசையில் நின்றவர் நல்லகாமன். அவரை அழைத்துப் போய், கழுத்தில் ஒரு பொன்னாடையைப் போட்டு, கையிலிருந்த குப்பியை வாங்கினார்கள். ‘அப்பாடா, பொழைச்சா எம் பொண்டாட்டி’ என்று நினைத்துக்கொண்டார் மனுசன். காலையிலிருந்து இல்லாத சிரிப்பு அவர் முகத்தில் வந்ததால் போட்டோவும் நன்றாகவே விழுந்தது.

சாருலதா தண்ணீரை உறிஞ்சிப் பொடிக்குள் விட, சீஃப் கெஸ்ட் அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைப் பொடி கரைந்து தெளிந்து லேசான மஞ்சளானது. எல்லாரும் தட்டினார்கள். நல்லகாமன் இரண்டு கையையும் நீட்டினார்.

“இருங்க இருங்க,” என்றார் சீஃப் கெஸ்ட். “எங்க கம்பெனியில எது செஞ்சாலும் மொத உருப்படி சாமிக்குத்தேன். அந்தப் பழக்கத்த விட்டதே இல்ல. அதான் இன்னைக்கு வரைக்கும் லாஸ் இல்லாம ஓடுது.”

“பேஷ்!” என்றார் அனந்தபத்மநாபன்.

சாஸ்திரிகள் குப்பியை வாங்கினார். மூடியில் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், ஒரு செம்பருத்தியைச் சார்த்திப் பிள்ளையார் முன்னால் வைத்து மணியை ஆட்டினார். நல்லகாமன் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘அப்பனே, ஒனக்குக் காய்ச்சலா, சீழா, என்னய்யா ஒனக்கு?’ என்று கேட்கத் தோன்றியது. சாமி குத்தமாகிவிடும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தீபாராதனை முடிந்தது. “எடுத்துக்கிறட்டுமா சாமி?” என்றார்.

“நோ நோ,” என்று பதறினார் அனந்தபத்மநாபன். “சந்தனம் பட்டாச்சு, பூ பட்டாச்சு. இதை நரம்பில் ஏற்றினால் என்ன ஆகும் தெரியுமா? தரம் என்று ஒன்று இருக்கிறது, மிஸ்டர் நல்லகாமன். வேறு குப்பி வாங்கி வாருங்கள், முதல் ஆளாகக் கலந்து தரச் சொல்கிறேன்.”

நல்லகாமன் பொன்னாடையோடு மருந்துக் கடைக்கு ஓடினார். அங்கே ஒரு வரிசை. அதில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் விழா முடிந்து, எல்லாரும் கேசரி சாப்பிடப் போயிருந்தார்கள். யாரோ ஒரு பொறுப்பானவர் தூசிப் பெட்டியின் பிளக்கைத் திரும்பச் சொருகியிருந்தார். அது சிவப்பாகக் கத்திக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. வாசலில் சாருலதா நின்றிருந்தாள்.

“செவப்பு எரிஞ்சா உள்ள போகக் கூடாது சார், ரூல். கழுவி, மருந்து அடிச்சு, காத்து மாறணும். நாளைக்குத்தான்.”

“அப்ப மேல அந்த நர்சம்மாவே கலக்கட்டும்.”

“அதுக்குத் தடை இருக்கே சார். சென்டர் தெறந்தாச்சுல்ல.”

“பூட்டியில்ல கெடக்கு?”

“தெறந்து பூட்டியிருக்கு சார்,” என்றாள் சாருலதா. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அந்தப் பெண்ணும் என்ன செய்யும்.

நல்லகாமன் அனந்தபத்மநாபனைத் தேடிப்பிடித்தார். அவர் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மிகப் பொறுமையாக விளக்கினார். கட்டில் அருகே கலப்பதற்கு அவசர அனுமதி தர ஒரு குழு இருந்தது. மையம் திறந்தால் அந்தக் குழுவுக்கு வேலை இல்லை என்பதால் இன்று காலைதான் அதைக் கலைத்தார்கள். அந்தக் குழுவைக் கலைத்ததே ஒரு பெரிய நிர்வாகச் சீர்திருத்தம்.

“நீங்களே சொல்லிரலாமே சாமி. ஒரு வார்த்தை.”

“நான் சொன்னால் அது என் பொறுப்பாகிவிடும் இல்லையா?” என்றார் அனந்தபத்மநாபன், குழந்தைக்குச் சொல்வது போல.

நல்லகாமன் மாடியேறினார். பாண்டியம்மாள் இட்லியைத் தொடாமல் கிடந்தாள். நெற்றி சுட்டது. காலையில் சிவப்பாக இருந்த விரல் நுனி இப்போது நீலம் பாய்ந்திருந்தது. கண்ணைத் திறந்து புருசனைப் பார்த்தாள்.

“என்னங்க இது, துண்டு? எலெக்சன்ல நின்னியளா?”

“மருந்து வாங்கப் போனேன். மரியாதை செஞ்சு அனுப்புறாய்ங்க.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “குளுருதுங்க,” என்றாள். அந்தப் பொன்னாடையையே எடுத்துப் போர்த்திவிட்டார். அது ஜிகினாத் துணி, குளிருக்கு என்னத்துக்கு ஆகும்.

செல்லக்கிளி டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்தார். ‘மருந்தைத் தாமதமின்றிச் செலுத்தவும்’ என்று செய்தி அனுப்பினார். அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு செல்லக்கிளி மேலதிகாரியிடம் போனாள். ‘செலுத்தத்தானே சொல்லியிருக்கிறார், கலக்கச் சொல்லவில்லையே’ என்று பதில் வந்தது. மதிய வேளையும் போய்விட்டது.

நல்லகாமன் செல்லக்கிளியின் முன்னால் குப்பியை வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு எதையும் கேட்டுப் பழகாத ஆள்.

“தாயி, யாருக்கும் தெரியாம…”

செல்லக்கிளி கூரையைக் காட்டினாள். கட்டிலுக்கு நேர் மேலே புதிதாக ஒரு கேமரா இருந்தது. “வேலை போயிரும்ணே. ரெண்டு புள்ளைகள வச்சிருக்கேன்,” என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு செய்யுங்கண்ணே. இந்த ரூலு படுக்கையில இருக்குற நோயாளிக்குத்தேன். கீழ ஊசி போடுற ரூம் வெளி நோயாளிக்கு. அங்க சட்டம் இன்னும் வரல. அக்காவ டிஸ்சார்ஜ் பண்ணிக் கீழ கூட்டியாந்துருங்க. சாயங்காலம் எனக்கு அங்கதான் டூட்டி. நான் கலந்து போட்டுவிடுறேன்.”

“நீயேவா?”

“நானேதாண்ணே. மேல நின்னு கலந்தா தப்பு, கீழ நின்னு கலந்தா தப்பில்ல.”

டிஸ்சார்ஜ் என்பதை ஏதோ எழுந்து போவது என்று நினைத்துவிட்டார் நல்லகாமன். பில் ஒரு மாடி, காப்பீடு ஒரு மாடி, மிச்ச மருந்தைத் திருப்புகிற இடம் இன்னொரு மாடி. ஏன் போகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். மருந்து கலக்க என்றார். அப்படி ஒரு காரணம் கம்ப்யூட்டரில் இல்லை என்றாள். கடைசியில் ‘முழு குணம்’ என்று அழுத்தினாள். காய்ச்சலில் நடுங்குகிறவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, முழு குணமான மனைவியோடு கீழே வந்து சேரும்போது வெளியே விளக்குப் போட்டுவிட்டார்கள்.

அதே செல்லக்கிளிதான் இருந்தாள், அதே கைதான், அதே குப்பிதான். உருட்டினாள், கரைந்தது, ஏறியது. “என்னக்கா, தூங்கிட்டீகளா?” என்றாள். பாண்டியம்மாள் கண்ணைத் திறக்கவில்லை.

அவளைத் திரும்பவும் புதிதாகச் சேர்த்தார்கள். மறுநாள் மையம் நிஜமாகவே வேலை செய்தது, மருந்து வேளைக்கு வந்தது. யார் இல்லையென்றார்கள்? ஆனால் பெருவிரலும் அடுத்த விரலும் அதற்குள் கறுத்துவிட்டன. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். இந்தத் தடவை அமுக்கியபோது பாண்டியம்மாளுக்கு வலிக்கவில்லை. “முதல் நாள் பிடிச்ச பிடியை விடாம இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தவர், அறையில் கேமரா இருப்பதைப் பார்த்துவிட்டு, “எடுத்துரலாம்,” என்று முடித்தார். அன்று ஆபரேஷன் வாசலில் உட்கார்ந்து நல்லகாமன் அழுதார். வாய்விட்டுத்தான் அழுதார். யாரும் ஏனென்று கேட்கவில்லை, அங்கே அது சகஜம்.

காயம் ஆறிக் கட்டைப் பிரித்துப் பாண்டியம்மாளை வீட்டுக்கு அனுப்புகிற நாளில் அனந்தபத்மநாபன் போட்டோக்காரரோடு வார்டுக்கு வந்தார். மையத்தின் முதல் பயனாளி அல்லவா!

“அம்மா, மையம் திறந்ததிலிருந்து இன்று வரை ஒரு கலவைப் பிழைகூட இல்லை. உங்களைப் போன்றவர்களின் ஒத்துழைப்புத்தான் காரணம்.”

பாண்டியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “தப்பே நடக்கலைங்கிறீக. சரி சார். அப்ப எங்கால்ல ரெண்டு வெரலு எதுனால போச்சு?”

அனந்தபத்மநாபன் அவள் காலைக் குனிந்து பார்த்தார். உண்மையாகவே அக்கறையோடுதான் பார்த்தார்.

“அது அறுவை சிகிச்சைப் பிரிவும்மா, என் கீழ் வராது. ஆனாலும் விசாரித்துவிட்டேன். அங்கேயும் பிழை இல்லை. எந்த விரல்களை எடுக்க வேண்டுமோ, சரியாக அந்த விரல்களைத்தான் எடுத்திருக்கிறார்கள்.”

போட்டோக்காரர் படம் எடுத்துக்கொண்டார். அவர்கள் அடுத்த வார்டுக்குப் போனார்கள்.

நல்லகாமன் கட்டிலுக்கடியிலிருந்து மனைவியின் செருப்பை எடுத்தார். இடது காலுக்கு மாட்டினார். வலது காலுக்கு மாட்டினார். அவள் எழுந்து ஓர் எட்டு வைத்ததும் வலது செருப்பு கழன்று பின்னாலேயே நின்றுவிட்டது. திரும்பக் குனிந்து மாட்டினார், வாரைப் பிடிக்கப் பெருவிரலும் இல்லை, பக்கத்து விரலும் இல்லை. மூன்றாவது தரமும் மாட்டப் போனவரின் தலையைத் தொட்டாள் பாண்டியம்மாள்.

“விடுங்க. ரெண்டையும் கையில எடுத்துக்கங்க. பஸ்ஸு போயிரும்.”